இந்த வருடத் துரை

'கட்டிளமைப் பருவத்தினரின் அடையாள உருவாக்கமும் தன்மதிப்பும்' என்பது செயலமர்வின் தலைப்பு. அதைப் படித்து முடிக்கவே ஒரு பிளேன்டீ தேவைப்பட்டது. ஹட்டனில் ஒரு மண்டபம். வெளியே மழை, உள்ளே ஈரக் குடைகளோடு நாங்கள், சுற்றுவட்டாரத் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்கள். எங்கள் பாடசாலையிலிருந்து நான் போனதற்கு என் தகுதி எதுவும் காரணமில்லை. அதிபர் ஆசிரியர் அறைக்குள் எட்டிப் பார்த்த நேரத்தில் நான் மட்டும்தான் அங்கே உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "டீச்சருக்கு உளவியல் எல்லாம் பிடிக்கும்தானே" என்றார். எனக்கே அது புதுச் செய்தி.

செயலமர்வை நடத்திய வளவாளர் கொழும்பிலிருந்து வந்த இளம்பெண். எங்களையெல்லாம் பார்த்து மனதாரச் சிரித்தார். ஆளுக்கொரு ஒட்டுத் தாளைக் கொடுத்து, 'நான் ஒரு' என்று தொடங்கும் வாக்கியத்தை முடித்து நெஞ்சில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். பக்கத்திலிருந்த மஸ்கெலியாப் பக்கத்துக் கணித ஆசிரியர் கொஞ்சமும் யோசிக்காமல் 'நான் ஒரு இடமாற்றம் கேட்டவன்' என்று எழுதி ஒட்டிக்கொண்டார். நான் 'நான் ஒரு தமிழ் ஆசிரியை' என்று எழுதினேன். சப்பென்று இருந்தது. நடுவில் 'நல்ல' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். பிறகு யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அதை அடித்துவிட்டேன். இத்தனை வருடம் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை பற்றிக் கட்டுரை எழுதக் கொடுத்தவள் நான்.

ஆனாலும் மத்தியானம், சோற்றுப் பார்சலுக்குப் பிறகு பாதிப்பேர் கண் செருகிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெண் ஒன்று சொன்னார். "நீ பெரியவளாகி என்னவா ஆகப்போறேன்னு நாம எப்பவும் கேக்கிறோம். அது அவங்களுக்கு இன்னொரு பரீட்சைக் கேள்வி. இப்ப, இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள, நீ என்னவா இருக்க விரும்புறேன்னு கேட்டுப் பாருங்க. ஆனா கேட்டுட்டீங்கன்னா, பிள்ளை சொன்னதுக்குப் பக்கத்துல நில்லுங்க." எனக்கு அது பிடித்தது. கேட்பதுதானே, செலவில்லாத காரியம் என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்று எங்கள் பக்கத்தில் இதைத்தான் சொல்வார்கள்.

மறுநாள் அதிபர் கேட்டார். "என்ன டீச்சர் சொன்னாங்க?"

"பிள்ளைங்க என்னவா இருக்க விரும்புறாங்கன்னு கேக்கணும் சேர்."

"நல்ல விசயம்" என்று தலையாட்டினார். "கலை விழா வருது. கொழுந்து நடனத்துக்கு ஆள் எடுங்க. அதுலயே கேட்டுருங்க."

தேயிலைக் கொழுந்து பறிப்பதை ஆடிக் காட்டும் இந்தக் கொழுந்து நடனம் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளுக்கு யார் வந்தாலும் கொழுந்து நடனம் உண்டு. அமைச்சர் வந்தாலும் உண்டு, தண்ணீர்த் தாங்கி கொடுத்த வெளிநாட்டுக்காரர் வந்தாலும் உண்டு. ஒருமுறை பிள்ளைகளின் பல்லைப் பரிசோதிக்க வந்த டாக்டரையும் உட்காரவைத்து ஆடிக் காட்டினோம். பளபளக்கும் பச்சைச் சேலை, கொண்டையில் பிளாஸ்டிக் பூ, ரிப்பன் கட்டிய பொம்மைக் கூடை. ஆடுகிற பிள்ளைகளின் அம்மாமார் அதே நேரத்தில் மேலே மலையில் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு, உரப் பையில் தைத்த பையை முதுகில் போட்டுக்கொண்டு நிஜக் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஆடுவதில்லை.

கடைசிக் காட்சியில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வருவார். காக்கி அரைக் காற்சட்டை, வெள்ளைத் தொப்பி, கையில் பிரம்பு. எங்கள் தோட்டத்து நிஜத் துரை ஜீன்சும் டீ சேர்ட்டும் போட்டுக்கொண்டு டபுள் கேப்பில் வருகிறவர். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்விட்டான் என்ற செய்தி எங்கள் மேடைக்கு மட்டும் இன்னும் வந்துசேரவில்லை. மேடைத் துரைக்குப் பேச்சு கிடையாது. நடந்து வருவார், பெண் பிள்ளைகள் குனிந்து வணங்குவார்கள், துரை பிரம்பை ஆட்டிச் சிரிப்பார், எல்லோரும் சேர்ந்து ஒரு சுற்று ஆடுவார்கள். அந்த வேடத்துக்கு வெள்ளைத் தோல் வேண்டும். எழுதாத விதி. கந்தோர்க் கிளாக்கரின் மகனோ கடைக்காரர் மகனோ, நிறமான ஒரு பையனைத் தேடி எடுப்போம். கறுத்த பிள்ளைகள் கொழுந்து எடுக்கலாம், அதுவும் பின்வரிசையில். நானும் என் காலத்தில் பின்வரிசையில் ஆடியவள்தான். படித்து, டீச்சராகி, திரும்பி வந்து, மற்றப் பிள்ளைகளைப் பின்வரிசையில் நிறுத்தும் நிலைக்கு உயர்ந்திருந்தேன்.

தரம் பத்தில் போய்க் கேட்டேன். என்னவா இருக்க விரும்புறீங்க. வகுப்பு என்னைச் சந்தேகத்தோடு பார்த்தது. ஒரு பையன், "வீட்டுல இருக்க விரும்புறேன் டீச்சர்" என்றான். உண்மையான பதில், நன்றி சொல்லி உட்காரவைத்தேன். முன் வாங்கில் இருப்பவள் வழக்கம்போல "டீச்சரா" என்றாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. சரி, கேள்வியைச் சின்னதாக்குவோம் என்று, கொழுந்து நடனத்தில் யார் யார் என்னவாக நிற்க விரும்புகிறீர்கள் என்றேன்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு கை எழுந்தது. அந்தக் கை எழுந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வகுப்பிலேயே உயரமானவள், நல்ல கறுப்பு. 'கரண்டு போஸ்ட்' என்று பையன்கள் பட்டம் வைத்திருந்தார்கள். உயரமாக வளர்ந்துவிட்டது தன் குற்றம் என்பதுபோல, புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துத் தோளைச் சுருக்கிக்கொண்டு நடப்பாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பதில் வராது, உட்காரச் சொல்லும்வரை நிற்பாள். அவளுடைய அம்மா மேல் டிவிசனில் கொழுந்து எடுப்பவர்.

"நான் தொரையா நிக்கிறேன் டீச்சர்."

வகுப்பு சிரித்தது. சும்மா சிரிப்பில்லை, மேசையைத் தட்டிச் சிரித்தது. அவள் உட்காரவில்லை. நான் உட்காரச் சொல்வதற்காகக் காத்துக்கொண்டும் நிற்கவில்லை. பதிலுக்காக நின்றாள்.

வருடா வருடம் துரையாக நிற்கும் கிளாக்கர் மகனைப் பார்த்தேன், சண்டைக்கு வருவானோ என்று. "அவளே நிக்கட்டும் டீச்சர். அந்தக் காக்கி டவுசர் போட்டா பசங்க ஒரு மாசத்துக்குச் சிரிக்கிறாங்க. நான் பாட்டுப் பெட்டிய பாத்துக்கிறேன்" என்றான். இத்தனை வருடம் ஒருவன் வேண்டாவெறுப்பாகத் துரையாக இருந்ததும், ஒருத்தி வேண்டாவெறுப்பாகக் குனிந்து ஆடியதும், யாரும் கேட்காததால் எங்களுக்குத் தெரியாமல் போயிருந்தது.

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு, ஏன் துரை என்றேன்.

"அந்த ஆட்டத்துல தொரை மட்டுந்தான் குனியாம நடக்குறாரு டீச்சர். நான் எட்டாம் ஆண்டுலருந்து குனிஞ்சுதான் ஆடுறேன். ஒசரமா இருக்கேன்னு மத்தவங்கள விட இன்னுங் கொஞ்சம் குனியச் சொல்லுவாங்க."

குனியச் சொன்னவள் யார் என்று அவள் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை.

அதிபரிடம் போனேன். எங்கள் அதிபர் கெட்ட மனிதர் இல்லை. சொந்தக் காசில், வெறுங்காலோடு வந்த பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மேலிடம் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். அந்த வருடம் பிரதம விருந்தினர் யார் தெரியுமா என்று என்னைத் திருப்பிக் கேட்டார். தோட்டத்துப் பெரிய துரை. மைதானத்து மண்ணைத் தள்ளிச் சமப்படுத்தித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார், இன்னும் தள்ளவில்லை.

"தொரைக்கு முன்னாலயே தொரை வேசமா? அதுவும் பொம்பளப் புள்ளையா? நக்கல் பண்றோம்னு நெனைச்சாருன்னா?"

"வருசா வருசம் தொரை வேசம் இருக்குதானே சேர்."

"அது வெள்ளைக்காரத் தொரை டீச்சர். அவரு கோவிச்சுக்க வரமாட்டாரு."

இதற்கு மேல் வாதம் எடுபடாது என்று தெரிந்ததும் நான் செயலமர்வை எடுத்து முன்னால் வைத்தேன். கட்டிளமைப் பருவத்துப் பிள்ளையிடம் விருப்பத்தைக் கேட்டுவிட்டு மறுத்தால் தன்மதிப்பு பாதிக்கப்படும், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்து பார்ப்பார்கள் என்றேன். பின்பாதி என் சொந்தச் சரக்கு. அதிபர் பேனாவை மேசையில் வைத்தார்.

"அப்ப கேக்காமலே இருந்திருக்கலாமே டீச்சர்" என்றார், மிகவும் வருத்தத்தோடு.

நாட்டின் கல்வித் தத்துவம் முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மேடையில் அவள் வாய் திறக்கக்கூடாது. துரை வேடத்துக்குத்தான் பேச்சே கிடையாதே என்று நானும் சம்மதித்தேன்.

அதிபரைத் தாண்டினால் அம்மா. அந்த வாரமே ஒரு பின்னேரம், கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பாடசாலைக்கு வந்தார். தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வாங்க என்றால் வரவில்லை, காலெல்லாம் சேறு என்று வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், புள்ளைய மத்தப் புள்ளைங்களோடயே ஆட விடுங்க. அந்தத் தொரை வேசம் வேணாம்."

"அவதான் ஆசப்பட்டுக் கேட்டா அக்கா."

"ஆசப்படுவா. அவளுக்கென்ன. தொரை மனசுல வச்சுக்கிட்டாருன்னா மறுநாளே என்னைய உச்சி மலைக்குப் போடுவாங்க. ஒரே செங்குத்து, காடு மண்டிக் கெடக்கு. கொழுந்தும் இல்ல. யாரு போயி நிக்கிறது?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அன்றைக்குச் சொன்னது இது: "அக்கா, இந்த வயசுல பிள்ளையோட தன்மதிப்ப நாமதான் வளர்க்கணும்."

அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "மதிப்பெல்லாம் இருக்கட்டும் டீச்சர். மழையில நனையாத வேல ஒன்னு கெடச்சா போதும் அவளுக்கு." போகும்போது, "நீங்க படிச்சவங்க, பாத்துச் செய்ங்க" என்றார். எங்கள் பக்கத்தில் இதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. ஏதாவது ஆனால் உன் தலையில்தான் என்று அர்த்தம்.

ஒத்திகை தொடங்கியது. முதல் நாளே அவள் காக்கிக் காற்சட்டை வேண்டாம் என்றாள். "இப்ப உள்ள தொரை இப்பிடி உடுக்கிறதில்ல டீச்சர்." அண்ணனுடைய ஜீன்சைக் கொண்டுவந்தாள், ஒரு தொப்பி, ஓடாத ஒரு பழைய ஃபோன். அவள் பாடசாலைக்கு வரும் வழி பெரட்டுக்களத்தைத் தாண்டித்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம் அது. அங்கே நாளாந்தம் பார்த்ததை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தாள். வாகனத்திலிருந்து இறங்கியதும் துரை முதலில் ஃபோனைப் பார்ப்பார், பிறகு வானத்தைப் பார்ப்பார், ஆட்களைப் பார்ப்பது கடைசியில்தான். பிரம்பு கிடையாது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். பிள்ளைகள் முதல்நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை, அவள் வரும்போது தானாகவே வரிசை நேராகியது.

எனக்குச் சந்தோசம் பொங்கியது. செயலமர்வுக்காரப் பெண்ணைத் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒத்திகை முடிந்து வகுப்புக்குப் போகும்போதும் அவள் தோள் நேராகவே இருந்தது. புத்தகம் நெஞ்சிலிருந்து கைக்கு இறங்கியிருந்தது. பையன்கள் 'கரண்டு போஸ்ட்'டை விட்டுவிட்டு "தொரை வர்றாங்க" என்று கேலி பண்ணினார்கள், அவள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவே இல்லை. தமிழ்ப் பாடத்தில் ஒருநாள் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். தவறான பதில்தான், ஆனால் கடைசி வாங்கிலிருந்து முன் வாங்குவரை கேட்டது.

சந்தோசத்தோடு கூடவே பயமும் வந்தது. இதுவரை எதையுமே கேட்காத பிள்ளை ஒன்றைக் கேட்டிருக்கிறாள். மேடையில் இது கூத்தாகிப்போனால், துரை முகம் சுளித்தால், அம்மாவை உச்சி மலைக்கு மாற்றினால், அவள் மறுபடி தோளைச் சுருக்கிக்கொள்வாள். இன்னொரு முறை எதையும் கேட்கமாட்டாள். வேண்டாத வேலையா பார்த்துவிட்டோம் என்று விழாவுக்கு முந்தின நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. துரை சொன்ன நேரத்துக்கு வந்தார், எங்கள் அதிபரின் மாலை சொன்ன நேரத்துக்கு வரவில்லை. நோர்வூட்டுக்குப் பூ வாங்கப் போனவர் பஸ்சுக்குக் காத்துநின்றாராம். வலயத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்திருந்தார். விளக்கேற்றினார்கள், பேசினார்கள், இன்னும் பேசினார்கள். மலையகத்தின் எதிர்காலம் மாணவர் கையில் என்று பேசிய மூன்று பேரும் தனித்தனியாகக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அம்மாமார் பின்னால் சுவரோரம் நின்றார்கள். அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்.

பச்சைச் சேலைகள் ஆடின. பிறகு பாட்டு மெல்ல அடங்க, ஜீன்சும் தொப்பியுமாக அவள் நடந்து வந்தாள். ஃபோனைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைசியில் ஆட்களைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து நின்ற நாலைந்து அம்மாமார் தங்களை அறியாமலே நிமிர்ந்து தலைத்துணியைச் சரிசெய்தார்கள். மற்றப்படி மண்டபத்தில் ஒருவரும் மேடையைப் பார்க்கவில்லை. எல்லோரும் முன்வரிசையில் இருந்த துரையின் முகத்தைப் பார்த்தார்கள். அதிபர் பிள்ளையார் படத்தைப் பார்த்தார்.

துரை சிரித்தார். நன்றாக, தொடையைத் தட்டிச் சிரித்தார். உடனே மண்டபமே சிரித்தது, கை தட்டியது. துரை சிரித்தால் சிரிக்கலாம் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதோடு நாடகம் முடிந்தது என்று நினைத்தேன்.

துரை எழுந்து மேடைக்குப் போனார். சிங்களவர், ஆனால் தோட்டத்துத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மைக்கை வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா செஞ்சது. நான் இப்பிடித்தானா நடக்கிறது?" மறுபடி சிரிப்பு. "கெட்டிக்காரப் புள்ள. ஓ.எல். எழுதிட்டு நம்ம தோட்டத்துக்கே வா. நான் வேல தாரேன்."

கைதட்டல் கூரைத் தகரத்தை அதிரவைத்தது. அதிபருக்குக் கண் கலங்கிவிட்டது. துரை பெருந்தன்மையோடு மைக்கை அவள் பக்கம் நீட்டினார், நன்றி சொல்வாள் என்று. வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"தொரை வேலையா சேர்?" என்றாள்.

இதுவரை கேட்ட சிரிப்பெல்லாம் ஒன்றுமில்லை. அதிகாரி சிரித்தார், பச்சைச் சேலைகள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள், பாட்டுப் பெட்டிக்காரன் பெட்டியின்மேல் கவிழ்ந்தே விட்டான். நல்ல நேரத்தில் நல்ல பகிடி விட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அவள் பகிடி விடவில்லை. வகுப்பில் அன்றைக்கு நின்றதுபோலவே பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். ஆனால் சிரிப்பு நீள நீள அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதை நான் கண்ணால் கண்டேன். எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும். பக்கத்துல நில்லுங்க என்று சொல்லித்தந்தது எனக்குத்தான். கதிரையைவிட்டு எழுந்தும் விட்டேன். எழுந்து, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தமான குரல் இல்லை. மலையில் இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்குப் பேசிப் பழகிய குரல், மைக் இல்லாமலே வந்து சேர்ந்தது.

"புள்ள கேட்டதுக்குத் தொரை இன்னும் பதில் சொல்லலீங்க."

அவளுடைய அம்மா. சுவரைவிட்டு ஒரு அடி முன்னால் வந்து நின்றிருந்தார். வேசம் வேண்டாம் என்று என் வாசலில் வந்து கெஞ்சியவர். மண்டபம் அடங்கிய வேகத்தைப் பார்த்தால், அவர் துரையிடம் நேருக்கு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற பெண் அவர் சேலையைப் பிடித்து இழுத்தார். அவர் நகரவில்லை.

துரையின் சிரிப்பும் நின்றது. அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோபப்படவில்லை. தொப்பியும் ஜீன்சுமாகத் தன் முன்னால் நிற்கும் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார், அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல.

"நான் நெனச்சது புள்ளக்காம்பராவுல, புள்ளைங்கள பாக்கிற வேல" என்றார். பிறகு, கொஞ்சம் யோசித்து, "தொரை வேலைக்கும் வரலாம். இப்ப பொம்பளப் புள்ளைங்களும் வர்றது. ஆனா இங்கிலீஸ் வேணும். ஓ.எல்.லுல சயன்ஸ் ரொம்ப நல்லா பாஸ் பண்ண வேணும். அப்புறம் விவசாயம் படிக்க வேணும். படிச்சா, யாரும் தடுக்க ஏலாது."

அம்மா தலையசைத்தார். பதில் கிடைத்துவிட்டது, அவருக்குப் போதும். மகளுக்குப் போதவில்லை. அவள் அதை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள் போல. பிறகு துரையைப் பார்த்துச் சொல்லாமல், எங்கள் பக்கம், ஆசிரியர் வரிசையின் பக்கம் திரும்பிச் சொன்னாள். முறைப்பாட்டுக் குரலே இல்லை.

"எங்களுக்கு சயன்ஸ் டீச்சர் இல்லீங்களே."

இல்லைதான். இருந்தவர் மாற்றலாகிப் போய் இரண்டு தவணை கடந்திருந்தது. அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்துவைத்து, யார் ஓய்வாக இருக்கிறாரோ அந்த ஆசிரியரின் மேற்பார்வையில், சத்தம் போடாமல் இருந்து பழகிக்கொண்டிருந்தார்கள். துரை அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி அதிபரைப் பார்த்தார். அதிபர் என்னைப் பார்த்தார். நான் எனக்குப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், அங்கே சுவர் இருந்தது. அதிகாரி எழுந்து, வெற்றிடம் பற்றி ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுள்ளது, ஆசிரியர் வரும்வரை பாடசாலையே உள்ளக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றார். அதற்கும் கை தட்டினார்கள்.

திங்கட்கிழமை நேர அட்டவணையில் உள்ளக ஏற்பாடு என் பெயரில் வந்திருந்தது. விஞ்ஞானத்தை நான் கடைசியாகத் தொட்டது என்னுடைய ஓ.எல். பரீட்சையில், தொட்டதோடு சரி. அன்றிரவெல்லாம் படித்துக்கொண்டு மறுநாள் வகுப்புக்குப் போனேன். கலம் என்கிற செல், கலத்தின் பாகங்கள், இழைமணி. படத்தைக் கரும்பலகையில் வரைந்தேன், நன்றாகவே வந்தது. தைரியமாகி அடுத்த பக்கத்துக்குப் போனேன். நடு வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, மனிசக் கலத்துக்கு இல்லாத சுவர் தேயிலைக் கலத்துக்கு மட்டும் ஏன் இருக்கு டீச்சர் என்று கேட்டான்.

புத்தகத்தைப் புரட்டினேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். யன்னலால் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்த குளிரில் எனக்கு முதுகு வியர்த்தது. தமிழில் ஏதாவது நீட்டி முழக்கிச் சமாளித்துவிடலாம், அந்த வித்தை எனக்குக் கைவந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். கடைசி வாங்கில் அவள் எழுந்து நின்றாள், நேராக.

"தெரியாதுன்னா தெரியாதுன்னே சொல்லுங்க டீச்சர்" என்றாள். "நாங்க சிரிக்க மாட்டோம்."

தெரியாது என்றேன். யாரும் சிரிக்கவில்லை.